யார் திருப்பிப் படுக்கவைப்பது?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது, டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கவும். எழுதியவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. கணக்குப் போட்டால் நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அதில் மூன்று நான்கு தடவை வீடே தூங்கும் நேரத்தில். எழுபது கிலோ உடம்பு, ஒரு பக்கம் அசையாது, மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். அதே தாளில் மாத்திரைகளுக்கெல்லாம் பெயர், அளவு, வேளை என்று கட்டம் போட்டிருப்பார்கள். திருப்பப்போகிறவர் யார் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு பெயர். நர்சிங் அசிஸ்டென்ட், ஜி.டி.ஏ. (ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்), அட்டெண்டர், ஆயாம்மா, வார்டு பாய், பல்நோக்குப் பணியாளர். வீட்டுக்கு வந்தால் ‘ஹோம் நர்ஸ்’, அல்லது வெறுமனே ‘அப்பாவைப் பார்த்துக்கிற பொண்ணு’. குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, மலஜலம் எடுப்பது என்று வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே வேலைதான். ஆனால் இடம் மாறினால் இதன் கனம் மாறிவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிடு தூரத்தில் செவிலியர் இருக்கிறார். முதியோர் இல்லத்துக்கு அவர் ஒரு வேளை வந்து போனால் அதிகம். வீட்டில் யாருமே இல்லை. துணை குறையக் குறைய பயிற்சி கூடியிருக்க வேண்டும். நம் ஊரில் நடப்பது தலைகீழ். ஓரளவு பயின்றவர்களை கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொள்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத வீட்டுக்கு, போன மாதம்வரை துணிக்கடையில் நின்றவர் வந்து சேர்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரை அப்படி அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

வார்டில் கண்ணும் காதும்

பொது வார்டில் காலை ஆறு மணிக்கு இவர்களின் வேலை உச்சத்தில் இருக்கும். நோயாளி படுத்திருக்கும்போதே அவர் கீழே இருக்கும் விரிப்பை மாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆளை ஒரு பக்கமாகச் சாய்த்து, பழைய விரிப்பை முதுகோரம் வரை சுருட்டி, புதியதை அதை ஒட்டி விரித்து, ஆளை மறுபக்கம் உருட்டி இழுத்துவிட வேண்டும். சுருக்கம் விழக் கூடாது. ஒரு மடிப்பு போதும், மெலிந்த முதுகில் தோல் கன்றிவிடும். கைதேர்ந்தவர்கள் இருவர் சேர்ந்தால் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். கைதேறாதவர்கள் நோயாளியை இழுப்பார்கள். இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே இருக்கும் சதை நகர்ந்துவிடுகிறது. படுக்கைப் புண் பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது.

கை வேலையைவிடப் பெரியது கண் வேலை. செவிலியர் மருந்து டிராலியோடு படுக்கை படுக்கையாக நகர்கிறவர். அவருக்கு ஒரு நோயாளியிடம் கிடைப்பது சில நிமிடங்கள். பல் துலக்கிவிட்டு, கஞ்சி ஊட்டி, முதுகு துடைக்கிறவருக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. ‘சிஸ்டர், பதினாலாம் பெட் தாத்தா காலையிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்காரு. நேத்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு, இன்னைக்கு யாருங்கறாரு’ என்று ஒருவர் வந்து சொன்னால், அதைக் காதில் வாங்குகிற வார்டு நல்ல வார்டு. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நுரையீரல் தொற்றோ வரும்போது காய்ச்சலே அடிக்காமல் புத்தி மட்டும் தடுமாறுவது சாதாரணம். தெர்மாமீட்டர் காட்டாததை ஊட்டிவிட்ட கை முதலில் தெரிந்துகொள்கிறது. ‘நீ உன் வேலையப் பாரு’ என்று விரட்டுகிற வார்டில் அடுத்த தடவை அந்தத் தகவல் வந்து சேராது.

அரசு ஆஸ்பத்திரியின் நிலை வேறு. அங்கே இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ தாயோதான். ஒப்பந்தத்தில் வரும் பல்நோக்குப் பணியாளரை ஸ்ட்ரெச்சர் தள்ள ஒருவர், ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோக ஒருவர், தரை துடைக்க ஒருவர் என்று நாலாபக்கமும் கூப்பிடுவார்கள். துப்புரவையும் நோயாளியைத் தொட்டுச் செய்யும் பராமரிப்பையும் ஒரே ஆளிடம் கொடுப்பதில் இருக்கும் ஆபத்து, தொற்றுத் தடுப்பு பற்றிப் பேசும் கூட்டங்களில் மட்டும் நினைவுக்கு வருகிறது.

அவர்களுக்கே உள்ள ஆபத்து இன்னொன்று. மருத்துவக் கழிவுகளை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கச் சொல்கின்றன 2016-ஆம் ஆண்டின் விதிகள். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளுக்கு, குழாய்களும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புக்கு, ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு. அவசரத்தில் யாரோ ஊசியைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டுப் போகிறார். பையைக் கட்டுகிறவர் விரலில் குத்துகிறது. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி-யின் மூன்று தவணையும் முடிந்திருக்கிறது என்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பாருங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இவர்கள் வேலை செவிலியரின் கையோடு கை. வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தியே வைத்திருப்பது, வாயைச் சுத்தம் செய்வது, குழாய் எதுவும் இழுபடாமல் திருப்புவது. கொரோனாக் காலத்தில் மூச்சுத் திணறிய நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைத்தார்களே, வென்டிலேட்டர் குழாயோடு ஒருவரை அப்படிப் புரட்ட நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண, மற்றவர்கள் ஒரே நொடியில் புரட்ட வேண்டும். அன்று கைதட்டியபோது பெரும்பாலும் நினைவுக்கு வந்தவர்கள் மருத்துவரும் செவிலியரும்தான். பாதுகாப்பு உடைக்குள் அவர்கள் பக்கத்தில் நின்றவர்கள் வேறு யாரோ ஆகிப்போனார்கள்.

டயாலிசிஸ் பிரிவில் வேலை சின்னதாகத் தெரியும்: வருகிறவரை எடை பார்ப்பது, முடிந்ததும் மறுபடி பார்ப்பது. உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுப்பது என்பதை அந்த எடையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். செருப்போடு ஒரு நாள், செருப்பில்லாமல் ஒரு நாள் ஏற்றினால் கணக்கு பிசகிவிடும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் ரத்த அழுத்தம் பார்க்கவே கூடாது என்பதும் அங்கே முதல் பாடம்.

சங்கிலியும் சாவியும்

மனநல மருத்துவமனையில் உதவியாளருக்கு வேண்டியது தோள்வலு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகம்தான் இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனை. அதன் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளியை அடைத்துவைக்கும் இடம் என்பதிலிருந்து வைத்தியம் பார்க்கும் இடமாக அதை மாற்றப் பாடுபட்டவர். 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநலத் தொண்டு அமைப்பைத் தொடங்கியவரும் அவரே.

மாநிலம் முழுக்க மாற்றம் வந்துவிடவில்லை என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்று விடிகாலையில் எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். தீ பரவியபோது அவர்களால் ஓட முடியாததற்குக் காரணம் காலில் இருந்த சங்கிலி. பராமரிக்க ஆள் வைக்காமல் சங்கிலி வைத்திருந்தார்கள் என்றுதான் அதை நான் படிக்கிறேன். இரவு நேரத்தில் விழித்திருக்க இரண்டு பேர், கோபம் தலைக்கேறியவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்த இரண்டு பேர், இரும்புக்குப் பதிலாக இருந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்திருக்கிறது. ஆனால் அப்படிப் பேசத் தெரிந்த ஆட்களை உருவாக்குவது சட்டத்தின் வரியால் முடிகிற காரியமில்லை.

மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதே வித்தை வேண்டும். சாயங்காலம் ஆனால் அவர்களில் சிலருக்கு அமைதி போய்விடும். சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா’ என்பார் எண்பது வயதுப் பாட்டி. ‘இதுதான் உங்க வீடு, உங்கம்மா செத்து நாற்பது வருஷம் ஆச்சு’ என்று உண்மையைச் சொன்னால், அம்மா செத்த செய்தியைப் பாட்டி அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். அனுபவம் உள்ளவர் அப்படிச் சொல்ல மாட்டார். ‘போலாம் பாட்டிம்மா, காபி ஆறிடும், குடிச்சிட்டுப் போலாம். உங்கம்மா என்ன சமைப்பாங்க?’ என்று பேச்சை வேறு பக்கம் கூட்டிப்போவார். மருந்துச் சீட்டில் எழுத முடியாத வைத்தியம் இது.

வீட்டுக்குள்

2021-இல் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு என்பது மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் மதிப்பீடு. 2031-இல் இது 18.2 ஆகும் என்கிறார்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். பிள்ளைகள் பெங்களூரிலோ பாஸ்டனிலோ இருக்கிறார்கள். ஏஜென்சிக்கு போன் போனால் மறுநாள் காலை ஒரு பெண் சின்னப் பையோடு வந்து நிற்கிறார். பெரும்பாலும் வெளியூர், சில சமயம் வெளிமாநிலம். அங்கியைப் பார்த்து வீட்டார் ‘நர்ஸ் வந்தாச்சு’ என்கிறார்கள். ஏஜென்சியும் அதைத் திருத்துவதில்லை. அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறது.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்னென்ன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும் முன், குழாயில் போட்ட குறி மூக்கு நுனியிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே நழுவியிருந்தால் கொடுக்கக் கூடாது. ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, கஞ்சி தானாக இறங்க விட வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. கொடுத்து முடித்து தண்ணீர் விட்டுக் குழாயை அலசியபின், குறைந்தது அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. நடுவில் இருமல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கஞ்சி நுரையீரலுக்குப் போகலாம். அப்புறம் நிமோனியா, மறுபடி ஆஸ்பத்திரி, சில சமயம் திரும்பி வராத பயணம்.

வாயால் சாப்பிடுகிறவர் என்றாலும் பக்கவாதக்காரருக்குச் செயலற்ற பக்கத்துக் கன்னத்தில் சோறு அடங்கிக் கிடக்கும். அவருக்கே தெரியாது. சாப்பிட்டபின் விரலில் துணி சுற்றிப் பார்த்து எடுக்க வேண்டும். எழுப்பி உட்காரவைக்கும்போது செயலற்ற கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தசைகளின் பிடிமானம் இல்லாத தோள்மூட்டு நழுவிவிடும். அன்போடு கைகொடுத்துத் தூக்கிய மகன்களால் தோள் நழுவிய அப்பாக்கள் பிசியோதெரபி அறைகளில் நிறையப் பேர்.

சிறுநீர்ப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் ஏற்றும்போது நம் வீடுகளில் அதைத் தூக்கி மடியில் வைப்பார்கள், தரையில் இழுபடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில். பை உயர்ந்ததும் சிறுநீர் பின்னோக்கி ஓடும், கிருமியையும் கூட்டிக்கொண்டு. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். முதுகு விஷயத்திலும் பழைய பழக்கம் ஒன்று போகவே மாட்டேன் என்கிறது. வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தால் பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவது. ஆஸ்பத்திரிகளிலேயே ஒரு காலத்தில் ஸ்பிரிட் தடவித் தேய்த்தவர்கள்தான். இப்போது அது வேண்டாம் என்கிறார்கள். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் தோலுக்கடியில் சேதம் தொடங்கிவிட்டது, தேய்த்தால் கூடும். அந்த இடத்தில் பாரம் படாமல் திருப்பிப் படுக்கவைப்பதுதான் மருந்து. ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. ஏர் பெட் உதவும், ஆனால் திருப்புவதற்கு மாற்றாகாது.

இன்னும் சிக்கலான இடம் இன்சுலின். செவிலிய உதவியாளர் ஊசி போடவோ குழாய் செருகவோ மருந்தின் அளவை மாற்றவோ கூடாது என்பது ஆஸ்பத்திரிக்குள் தெளிவான கோடு. வீட்டில் அந்தக் கோட்டை அழிப்பது வீட்டார்தான். ‘நீதான் நர்ஸாச்சே, போட்டுடும்மா.’ அவரும் போடுகிறார். தாத்தா அன்று இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை; வழக்கமான அளவு இன்சுலின் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. அது தூக்கமில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது என்று அந்த நேரத்தில் யார் சொல்லித்தருவார்? நினைவிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் ஒதுக்குவதில்லை.

இனி அந்தப் பெண்ணின் பக்கம். ‘இருபத்துநாலு மணி நேர டியூட்டி’ என்று ஏஜென்சி சொல்கிறது. அதற்கு என்ன பொருள் என்று வீட்டார் யோசிப்பதில்லை. கட்டிலருகே தரையில் படுக்கை, இரவில் மூன்று முறை எழுந்திருத்தல், பகலில் ‘சும்மாதானே இருக்கே, இந்தப் பாத்திரத்தையும் தேய்ச்சிடு.’ நகை காணவில்லை என்றால் முதல் சந்தேகம் அவர்மேல். புத்தி தடுமாறிய ஆண் நோயாளி தகாத இடத்தில் கை வைத்தால் வெளியே சொல்ல முடியாது. வீட்டில் தெளிவான புத்தியோடு இருக்கும் ஆண்கள் செய்தாலும் சொல்ல முடியாது. சம்பளத்தில் ஏஜென்சி எடுத்துக்கொள்வது எவ்வளவு என்று வீட்டாருக்கும் தெரியாது, பல நேரம் அவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலும் நர்சிங் ஹோமிலும் வேலை செய்பவருக்குக் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் தனி இடம் இருந்தது. அதே வேலையை வீட்டுக்குள் செய்தால் அவர் யார் என்பதே குழப்பம்.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனதற்காகத்தான் அதிகம் பேசப்பட்டது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோய்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் படுத்த படுக்கையாய் இருப்பவரின் வீட்டுப் படியேறுகிறார்கள். ஏஜென்சியைக் கனவிலும் நினைக்க முடியாத கூலிக் குடும்பத்தில், மாமியாரை எப்படித் திருப்புவது என்று மருமகளுக்குக் காட்டித்தர ஒருவர் வருகிறார். எல்லா வீட்டுக்கும் வேண்டிய அளவு அடிக்கடி வர ஆள் போதாது. ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மேலே பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. காசு கொடுத்து ஆள் வைக்கும் வீடுகளுக்கு அதுகூட இல்லை.

பதிவேடு இல்லாத வேலை

தமிழ்நாட்டில் செவிலியராக வேலை செய்ய வேண்டுமென்றால், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் என்று அதற்கு வரையறுத்த படிப்புகள் இருக்கின்றன. உதவியாளருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. சிற்றூர்ப் பேருந்து நிலையங்களில் ‘டிப்ளமோ நர்சிங்’ என்று தட்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல உண்டு. பிளஸ் டூ முடித்த பெண்கள், வீட்டில் நகையை அடகுவைத்துக் கட்டணம் கட்டிப் படித்து முடித்தபின்தான் இதை வைத்து செவிலியராகப் பதிவு செய்ய முடியாது என்று தெரிந்துகொள்கிறார்கள். அப்புறம் அவர்களுக்கு மிஞ்சுவது உதவியாளர் வேலை. படிக்கும்போதே ‘இது உதவியாளர் படிப்பு, இதில் இன்னின்னது செய்யலாம், இன்னின்னது கூடாது’ என்று சொல்லியிருந்தால் அது கௌரவமான தொடக்கமாக இருந்திருக்கும். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, ‘ஹோம் ஹெல்த் எய்டு’ என்று சில மாதப் பயிற்சிகள் இருக்கின்றன. நல்ல பாடத்திட்டம்தான். ஆனால் அந்தச் சான்றிதழ் இல்லாத ஒருவரை ஏஜென்சி அனுப்பினால் கேட்பதற்கு ஆளில்லை.

அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டம், முதியோர் மருத்துவ இல்லங்களில் உதவியாளராகச் சேர்பவருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. 75 மணி நேரம் ஒன்றும் பெரிதில்லை. அங்கேயே போதாது என்கிறார்கள். முக்கியமானது, ஒவ்வொரு மாநிலமும் உதவியாளர்களுக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி. ஒருவர் நோயாளியை அடித்தது நிரூபணமானால் அந்தப் பதிவேட்டில் ஏறும். இங்கே ஒரு வீட்டில் பாட்டியைக் கிள்ளியதற்காக வெளியேற்றியவர் அடுத்த வாரம் அடுத்த தெருவில் வேலைக்குச் சேரலாம். பத்து வருடம் ஒரு புண்கூட வராமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவரும் புது வீட்டில் முதல் நாள் ஆளாகத்தான் நிற்க வேண்டும். பதிவேடு இல்லாததன் நஷ்டம் நல்லவர்களுக்குத்தான் அதிகம்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலைகளும் சில உண்டு. வீட்டுக்கு அனுப்பப்போகும் நோயாளியின் கட்டிலருகே, அவரைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரை இரண்டு நாள் முன்னதாகவே வரச்சொல்லி, வார்டு செவிலியரின் கண்முன் எல்லாவற்றையும் அவர் கையாலேயே செய்யவைக்கலாம். ஆஸ்பத்திரிக்கு இதில் செலவு கிட்டத்தட்ட இல்லை. குடும்பங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பியது, எவ்வளவு கஞ்சி போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது, தோல் எப்படி இருந்தது என்று எழுதவைக்கலாம். எழுத வராதவர் படம் போட்டுக் குறிக்கலாம். அட்டையில் 108-ஓடு, இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு செவிலியரின் எண்ணும் வேண்டும். ஏஜென்சியிடம் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: அந்தப் பெண் எங்கே பயின்றார், அவர் கைக்கு எவ்வளவு சேர்கிறது, ராத்திரி தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்கலாம், வார விடுப்பு எந்த நாள், அன்று யார் வருவார். எழுத்தில் தர மறுத்தால் வேறு ஏஜென்சியைப் பார்க்கலாம்.